கரையான் சுவரேறிய கதை

அந்தக் காலத்தில் கரையானுக்குத் தலைக்கு மேல் மண்கூரை கிடையாது. இன்றைக்கு எங்கே போனாலும் மண்ணைப் போர்த்திக்கொண்டு திருடனைப் போலப் போகிறதே, அந்தப் பழக்கம் பின்னால் வந்தது. அப்போதெல்லாம் அது பட்டப்பகலில், ஊர்ப் பாதையில், தன்பாட்டுக்கு நடந்து போகும். வாயுள்ள உயிரெல்லாம் பேசிய காலம் என்பதால் எதிரே வருகிறவர்களிடம் வழி கேட்டுக்கொள்ளும். கண் மட்டும் கிடையாது. பிறவியிலேயே இல்லை. இருட்டு என்ற சொல்கூட அந்தக் குலத்தில் இல்லை. வெளிச்சத்தைப் பார்க்காதவனுக்கு இருட்டு ஏது? வெளிச்சம் என்று என்னவோ இருப்பதாக மற்ற உயிர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குலத்தில் குழையன் என்று ஒருவன் இருந்தான். மண் குழைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். மற்றவர்கள் தரைக்கு அடியில் குழி பறித்துக் குடியிருந்தபோது இவன் மட்டும் ஓடைக்கரையில் மேல்நோக்கிக் கட்டத் தொடங்கினான். எச்சில் விட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து, உருண்டைமேல் உருண்டை வைத்து, ஓர் ஆள் உயரத்துக்குப் புற்றை எழுப்பிவிட்டான். உள்ளே வழிகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு போகும். எறும்பு நுழைந்தால் வந்த வழி மறந்து அலைந்தே சாகும். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அவன் மனைவி கருவாயி நடு அறையில் கிடந்தாள். பிள்ளை பெற்றுப் பெற்று உடம்பு பெருத்துப்போய் இருந்த இடத்தை விட்டு நகர முடியாதவள். “போதும்யா, இதுக்கு மேல எதுக்கு?” என்று அவள் கேட்கும்போதெல்லாம், “இன்னும் ஒரு சுத்து மட்டும்” என்பான். கடைசியில் உச்சியில் பெரிதாக ஒரு துளை வைத்தான். காற்று இறங்கி, சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று ஆசை. அவன் ஆசைப்பட்டபடியே இருந்தது. அந்தக் குளிர்ச்சியைத் தேடித்தான் பாம்பு வந்தது.

சுருள் வழியெல்லாம் எறும்பைத்தான் குழப்பும். பாம்புக்கு வால் உச்சித் துளையில் இருக்கும்போதே தலை நடு அறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இத்தனை நீளமான உடம்பு வழி தவற முடியுமா? குழையன் இதை நினைத்தே பார்த்ததில்லை.

“நல்லாக் கட்டியிருக்கீரு,” என்றது பாம்பு. “நான் இங்கேயே இருந்துக்கிடுறேன். நீரும் உம்ம சனமும் இருந்துக்கிடலாம். நான் புரண்டு படுத்தா சுவர் இடியும். இடிஞ்சதக் கட்டிக்கிட்டே இருக்கணும்.”

“நாங்க வேற எடம் பாத்துப் போயிருறோம்யா,” என்றான் குழையன்.

“எதுக்குப் போகணும்? உம்ம வீடுதானே இது. நீர் போயிட்டா யாரு கட்டுவா?”

கோபமே இல்லாமல்தான் சொன்னது.

அதற்குப் பிறகு அவனுக்கு வேலை ஓயவில்லை. பாம்பு ஒரு முறை புரண்டால் ஓர் அறை நசுங்கும். அறையில் இருந்த பிள்ளைகளும் நசுங்கும். ஒரு பக்கமாகத் துளை போட்டுத் தப்பிக்கலாம் என்றால், சுற்றிலும் சிவப்பு எறும்பு வட்டம் கட்டி நின்றது. வெளியே தலை நீட்டிய பிள்ளை திரும்பி வரவில்லை. இது போதாதென்று, புற்றில் பாம்பு குடிவந்த சேதி தெரிந்து ஊர்சனம் வந்தார்கள். மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், சொம்பு சொம்பாகப் பாலைத் துளைக்குள் ஊற்றினார்கள். பாம்பு அதில் ஒரு சொட்டைக்கூட நக்கவில்லை. உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டது. பால் சுருள் வழியெல்லாம் இறங்கி, அடியில் இருந்த குஞ்சுகளின் அறையில் தேங்கி நின்றது. அவர்கள் நல்ல மனசோடுதான் ஊற்றினார்கள். அவர்களைச் சொல்லி என்ன செய்வது.

மிதந்த பிள்ளைகளை ஒதுக்கிக்கொண்டே குழையன் அந்த அறையைத் துழாவினான். கூரையை ஒட்டிய விரிசலில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நொய்யாள். பிறந்தபோதே தொட்டால் கரைந்துவிடுவாள் போல இருந்தாள் என்று அந்தப் பெயர். அவளைத் தூக்கிக்கொண்டு கருவாயியிடம் வந்தான்.

“நீயும் நானும் எப்படியும் இங்கதான் சாகப்போறோம்,” என்றாள் கருவாயி. “என்னால நகர முடியாது, நீ என்னைய விட்டுட்டுப் போக மாட்ட. புள்ளைகள மட்டும் எப்படியாவது வெளியேத்திரு.”

எங்கே அனுப்புவது என்பது அவனுக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் இலுப்பை மரம் ஒன்று விழுந்து கிடந்தது. காற்று திரும்பும்போது அதன் ஈர மரவாசனை புற்றுக்குள் வரும். எப்படி அனுப்புவது என்பதுதான் தெரியவில்லை. நடந்து போனால் எறும்பு. மழை நாளில் எறும்பு பதுங்கிவிடும், பாம்பும் தவளை பிடிக்க வெளியே போய்விடும், ஆனால் அன்றைக்குத் தரையெல்லாம் தண்ணீர்.

இப்படியிருக்கும்போது பாம்பு சட்டை உரித்தது. உரித்ததைச் சுருள் வழியிலேயே போட்டுவிட்டு, “அதை அப்புறப்படுத்தும்” என்று உத்தரவு போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. குழையன் அதைக் கடித்து நறுக்கினான். ஒரு துண்டு, உச்சித் துளையை நோக்கி எழும்பிய காற்றில் அவன் வாயை விட்டு நழுவி மேலே போனது. விழட்டும் என்று காத்திருந்தான். நெடுநேரம் அது விழவில்லை.

வேலைக்காரனுக்கு அது போதும். அன்றிலிருந்து பாம்பு தூங்கும் நேரமெல்லாம் அவன் சிறகு நறுக்கினான். ஆளுக்கு நான்கு, ஒரே நீளம், நுனி வளைவு. எச்சில் பசையால் ஒட்டினான். பசையைக் கனமாக வைக்கவில்லை, அதற்கும் காரணம் இருந்தது. “றெக்கையோட மண்ணுக்குள்ள நுழைய முடியாது,” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். “மரத்துல எறங்குனதும் ஒரு உதறு உதறுங்க, விழுந்துரும். அது போறதுக்குத்தான், இருக்கிறதுக்கு இல்ல.”

ஒரு பிள்ளையைப் பறக்கவிட்டுப் பார்த்தான். அது எழும்பிய வேகத்தில் சுவரில் முட்டி விழுந்தது. இன்னொன்றும் முட்டியது. நடப்பதற்கு மீசை போதும், முன்னால் இருப்பதைத் தொட்டுத் தொட்டுப் போகலாம். பறக்கிறவன் எதைத் தொடுவான்? கண் வேண்டும் என்று குழையனுக்குப் புரிந்தது. கண்ணுக்கு எங்கே போவது என்று சட்டையை மறுபடி தலையில் இருந்து வால் வரை தடவினான். தலைப் பக்கம், இரண்டு இடத்தில், வட்டமாக, மற்ற இடத்தைவிட வழவழப்பாக இரண்டு வில்லைகள் இருந்தன. பாம்பு தன் கண்மேல் போட்டிருந்த மூடியையும் சேர்த்தே உரித்துப் போட்டிருந்தது.

“வேணாம்யா,” என்றாள் கருவாயி. “அது பாத்த கண்ணு. அத எம் புள்ளைகளுக்கு வைக்காத.”

“வேற கண்ணு எங்க இருக்கு, சொல்லு. வச்சிருறேன்.”

அவன் வில்லைகளைப் பொடிப்பொடியாகக் கொத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தான். ஓரத்துத் துண்டுகள் சொரசொரவென்று இருந்தன. நடுத்துண்டு மட்டும் ஒரு கீறல் இல்லாமல், தொட்டால் தொட்டதே தெரியாத அளவுக்கு மெல்லிசாக இருந்தது. அதை யாருக்கும் கொடுக்காமல் தனியே எடுத்துவைத்து நொய்யாளுக்கு வைத்தான். பாலில் இருந்து பிழைத்து வந்தவள், அவளுக்கு நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று ஓர் அப்பன் நினைத்தான். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் எல்லாம் கெட்டது அந்த இடத்தில்தான்.

மற்றப் பிள்ளைகளுக்குக் கண் வந்ததில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சுவர் வருவது தெரிந்தது, விலகிப் பறந்தார்கள். நொய்யாள் மட்டும் பேச்சையே விட்டுவிட்டாள். பாம்பு அசந்த நேரம் பார்த்து உச்சித் துளைக்குக் கீழே போய்த் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். குழையன் தடவித் தடவி அங்கே வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“என்ன புள்ள பண்ற இங்க?”

“மேல ஒண்ணு இருக்குப்பா.”

“என்ன இருக்கு?”

“சொல்லத் தெரியல. தொடாமலே வந்து படுது. சூடு இல்ல. வாசன இல்ல. ஆனா எம்மேல இருக்குன்னு தெரியுது.” தலையை இறக்காமலே, “கீழ நம்ம அறையில அது இல்லப்பா. அது இல்லாம இருக்கிறதுக்கு என்ன பேரு?” என்று கேட்டாள்.

குழையனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “அதுக்குப் பேரு வீடு,” என்றான்.

அவன் மனசு கேட்கவில்லை. பழைய நாட்களில் பாதையில் எதிர்ப்பட்ட சுவர்க்கோழிப் பூச்சி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. விட்டில் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒன்றை நோக்கிப் போய்க் குடும்பத்தோடு அழிந்த கதை. அது எது என்று சுவர்க்கோழி சொன்ன பெயர் வெளிச்சம். அன்றே பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொன்னான்.

“தாழப் பறக்காதீங்க, தண்ணி இருக்கு, தவள இருக்கு. ரொம்ப ஒசரமும் வேணாம், கருங்குருவி கொத்திரும். இலுப்ப வாசனயப் புடிச்சுக்கிட்டே போங்க. வழியில வெளிச்சம்னு ஒண்ணு வரும். அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. கண்ண நம்பாதீங்க, வாசனய நம்புங்க.”

“நீ அதப் பாத்திருக்கியாப்பா?” என்று நொய்யாள் கேட்டாள்.

“பாக்கல.”

“பாக்காம எப்படி வேணாங்குற?”

“அது ஆள முழுங்கும் புள்ள.”

“இங்க இருக்கிறதும்தான் முழுங்குது,” என்றாள் அவள். “மரத்துக்குப் போயி என்ன செய்ய? மறுபடி குழி, மறுபடி சுவரு. நீயே ஆள் ஒசரத்துக்குக் கட்டுனவன்தான? என்னைய மட்டும் ஏன் மரத்துக்குள்ள போய் ஒடுங்கச் சொல்ற? பாக்கக் கூடாதுன்னா எனக்கு எதுக்குக் கண்ணு வச்ச?”

முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்று குழையன் சொல்ல வந்தான். அது அவளுக்குப் பதில் ஆகாது என்று அவனுக்கே தெரிந்ததால் சொல்லவில்லை. “எனக்காக இது ஒண்ணு கேளு புள்ள,” என்று மட்டும் சொன்னான். அவள் அவன் நெற்றியைத் தன் நெற்றியால் ஒரு முறை தொட்டாள். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

புதுமழை ஒரு மாலைப்பொழுதில் வந்தது. மண் ஊறி, தவளைகள் கத்தத் தொடங்கியதும் பாம்பு சோம்பல் முறித்துக்கொண்டு துளை வழியே வெளியே போனது. அதன் வால் நுனி துளையைக் கடந்ததைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குழையன் பிள்ளைகளை வரிசையாக ஏற்றிவிட்டான். ஒவ்வொருவரையும் சிறகு சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே அனுப்பினான். நொய்யாள் முதலில் போனாள். மழை விட்டிருந்தது. தலைக்கு மேல் சிறகுச் சத்தம் சலசலவென்று பெருகியது. அவன் வாழ்நாளில் கட்டியது எதுவும் அவனுக்கு அவ்வளவு நிறைவைத் தந்ததில்லை. உச்சியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

சத்தம் ஓடைப் பக்கம் போனது. ஓடையைத் தாண்டப் போகிற நேரம். அப்போது முன்னால் போன ஒரு சிறகின் சத்தம் மட்டும் தனியே பிரிந்து ஊர்ப் பக்கம் திரும்பியது. அது யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவன் நறுக்கிய சிறகு. “நொய்யா, வாசனயப் புடி,” என்று கத்தினான். கரையானின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? முன்னால் போகிறவள் திரும்பினால் பின்னால் வருகிறவர்களும் திரும்புவார்கள். மொத்தக் கூட்டமும் ஊர்ப் பக்கம் திரும்பியது. ஏதோ கொஞ்சப் பேர், பின்தங்கியவர்கள், ஓடையைத் தாண்டினார்கள்.

விடிந்ததும் குழையன் புற்றை விட்டு இறங்கி நடந்தான். ஈரத்தில் எறும்பு இன்னும் வெளிவரவில்லை. வழியெல்லாம் சிறகு கிடந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். நுனி வளைவு, ஒரே நீளம், எல்லாம் அவன் வேலை. ஊர் ஓரத்து வீட்டுச் சுவர் அடியில் அவனால் நடக்கவே முடியவில்லை, அவ்வளவு சிறகு. உள்ளே ஒரு பெண் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தியில விளக்கப் பொருத்துனதும் என்னமா வந்து விழுந்துச்சு,” என்று அவள் புருஷனிடம் சொன்னாள். “ஒரு மொறம் தேறும். அரிசியோட சேத்து வறுத்துருவோமா?”

“உப்பக் கொறச்சுப் போடு,” என்றான் அவன்.

குழையன் சுவர் ஓரமாகக் குன்றிப்போய் நின்றான். மேலே ஒரு பல்லி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு கனத்து அதற்கு நகர முடியவில்லை.

“இங்க வந்ததுங்க எம் புள்ளைக,” என்றான் குழையன்.

“தெரியும்,” என்றது பல்லி. “பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நானும் தின்னேன். வந்து வாயில விழுந்தா நான் என்ன செய்ய?”

“முன்னால ஒருத்தி வந்திருப்பா. எல்லாருக்கும் முன்னால.”

பல்லி யோசித்தது. “அவளா. அவள நான் தின்னல. அவ கிட்ட யாராலயும் போக முடியல. நேரா வெளிச்சத்துக்குள்ள போயிட்டா.”

“உள்ளயா?”

“உள்ளதான்.”

“வெளிய வந்தாளா?”

“வரல,” என்றது பல்லி. ச்சு ச்சு என்று நாக்கைத் தட்டிக்கொண்டது.

கண்ணில்லாத ஒரு கட்டடக்காரனுக்கு உள்ளே என்றால் என்ன அர்த்தம்? உள்ளே என்றால் அறை. அறை என்றால் சுவர் உண்டு, வாசல் உண்டு. போனவளைக் கூட்டிவர வழி உண்டு. குழையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அந்த வெளிச்சம் எங்க இருக்கு?” என்று கேட்டான்.

“சுவர்ல மாடம் இருக்கு பாரு, மரச்சட்டத்துக்கு மேல. அங்கதான் வைப்பாங்க,” என்றது பல்லி. அவன் ஏன் கேட்கிறான் என்று அது கேட்கவில்லை.

கருவாயியிடம் வந்து நடந்ததைச் சொன்னான். அவள் அழவில்லை. “உள்ள தனியா இருப்பா,” என்றாள். “போய்க் கூட்டிட்டு வா. ஆனா தலைக்கு மேல மூடிக்கிட்டுப் போ. கண்ணு இருந்தவளையே இழுத்துக்கிட்ட சாமான், உன்னைய விடாது.”

அப்படித்தான் குழையன் முதன்முதலாகத் தனக்கு மேல் கூரை போட்டுக்கொண்டு நடந்தான். பாம்பு புற்றுக்குத் திரும்பி, இடிந்த சுவரைக் கட்ட ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் காதில் வாங்கவில்லை. பறக்காமல் புற்றில் எஞ்சியிருந்த சனமும் அவன் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். உருண்டைமேல் உருண்டை வைத்து, புற்றில் இருந்து அந்த வீடு வரைக்கும், பிறகு சுவரில் செங்குத்தாக, மெல்லிய மண்குழாய் ஒன்று ஏறியது. அந்தப் பெண் பார்த்த நாளெல்லாம் தட்டிவிட்டாள். தட்டிய இடத்தில் இருந்து மறுபடி தொடங்கினார்கள்.

மாடத்தை எட்டியபோது பகல். விளக்கு அணைந்து கிடந்தது. குழையன் மீசையால் மாடம் முழுக்கத் துழாவினான். எண்ணெய்ப் பிசுக்கு தட்டுப்பட்டது. திரியடியில் ஒரு பொட்டுக் கரி தட்டுப்பட்டது. அதைத் தாண்டிப் போனான். அந்தக் கரிதான் அவள். அவனுக்கு அது தெரியாது. அறையும் இல்லை, வாசலும் இல்லை. இங்கே இல்லையென்றால் சுவருக்குப் பின்னால் இருக்கும், மரத்துக்கு உள்ளே இருக்கும் என்று சட்டத்தைக் குடைந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, “நொய்யா” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே குடைந்தான். ஒருநாள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே செத்தும் போனான். பின்னால் வந்தவர்கள் அவன் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்கள்.

ஓடையைத் தாண்டியவர்கள் இலுப்பையில் சிறகை உதறிவிட்டுப் புதுக்குடி வைத்தார்கள். அங்கேயும் புற்று எழும்பியது, அங்கேயும் பாம்பு வந்தது. அவர்களும் புதுமழைக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சிறகும் கண்ணும் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்களைத்தான் நாம் ஈசல் என்கிறோம். வேறு வழி இருந்தால் அனுப்பமாட்டார்கள். முக்கால்வாசிப் பேர் விளக்கடியில்தான் முடிகிறார்கள்.

அன்று முதல்தான் கரையான் மண்ணைப் போர்த்திக்கொண்டு சுவரேறுகிறது; நிலை, உத்தரம், பெட்டி, புத்தகம் என்று அகப்பட்டதையெல்லாம் மேல்தோல் கலையாமல் உள்ளே குடைந்து பார்த்துவிட்டு, அதற்குள்ளும் அவள் இல்லை என்றதும் அடுத்த மரத்துக்குப் போகிறது.